கண்ணுக்குக் கீழே இரண்டு கோடுகள்

ஐம்பதுகளின் நடுவில் நான் கோவில்பட்டியில் ஒரு நாளிதழின் நிருபராக இருந்தேன். அதற்கு முன்னால் சில வருடங்கள் மதுரையில் அதே பத்திரிகையின் செய்தி மேஜையில் வேலை. அங்கே இருந்தபோது தந்தியில் வந்த ஒரு சின்னச் செய்தியை மொழிபெயர்த்தேன். இந்தியக் காடுகளில் சிவிங்கி இனி இல்லை என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது என்பது செய்தி. சிவிங்கி என்றால் என்ன என்று பிழை திருத்துபவர் கேட்டார். நெட்டைக் கால்கள் கொண்ட, சிறுத்தை போன்ற, வேட்டைக்குப் பழக்குகிற மிருகம் என்று ஒரு வரி சேர்த்தேன். பக்கத்தில் இடம் போதவில்லை. அந்த வரியை எடுத்துவிட்டார்கள். ஆகவே மறுநாள் காலையில் வாசகர்கள், இன்னதென்று தெரியாத ஒன்று இல்லாமல் போனதைத் தெரிந்துகொண்டார்கள்.

கோவில்பட்டியில் என் காலை வேலை தாலுகா அலுவலகத்தில் தொடங்கும். மாசி கடைசியில் ஒரு நாள் அங்கே போனபோது அதிகாரியின் மேஜைக்கு முன்னால் புதூர்ப் பக்கத்துப் பெண் ஒருவர் நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். ஆடு மேய்க்கிறவர். கையிலிருந்த கம்பை அலுவலகத்துக்கு வெளியே வைக்கச் சொல்லியிருந்தார்கள். கம்பு இல்லாத கையை என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு குட்டியத் தூக்கிட்டுய்யா. பட்டப்பகல்ல. ராத்திரி வந்தா திருட்டுப்பயன்னு சொல்லலாம். இது மத்தியானச் சாப்பாட்டுக்கு வாற மாப்பிள்ளை மாதிரில்லா வருது!"

அதிகாரி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஓய்வு நேரத்தில் வேட்டைப் புத்தகங்கள் படிப்பவர், துப்பாக்கியைத் தொட்டதில்லை. "சிறுத்தைதானே? மரத்துல ஏறறதா?" என்றார்.

"அங்கன மரம் ஏது? ஒத்தப் பனை நிக்கி. அதுல ஏறி என்னத்தப் பறிக்கும்?"

"எப்படிக் கத்தறது?"

அந்த அம்மாள் கொஞ்சம் தயங்கினார். "சொன்னா ஊர்ல சிரிக்காவ. குருவி மாதிரி கத்துதுய்யா. கிறீச் கிறீச்னு. அப்புறம் நாய் மாதிரி குத்தவச்சு உக்காந்து நம்ம மூஞ்சியவே பாக்கும்."

எழுதிக்கொண்டிருந்த அதிகாரியின் பேனா நின்றது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். குருவி போலக் கத்தும் சிறுத்தையைப் பற்றி அவர் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. மதுரையில் அவர்கள் எடுத்துவிட்ட என் வரியை நினைத்துக்கொண்டேன்.

ஆடு மாடுகளை அடிக்கிற சிறுத்தையைச் சுட அனுமதி கொடுக்க அவருக்கு அதிகாரம் இருந்தது. ஊரில் ஓர் அரிசி மில் முதலாளி துப்பாக்கியைத் துடைத்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை போவதாகத் திட்டம். அதிகாரியின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"சிவிங்கியா இருந்தா?" என்று கேட்டேன்.

"இருந்தா என் தலைவலி. இல்லாத மிருகத்தைச் சுட நான் எப்படி சார் அனுமதி குடுக்கறது? மேலே எழுதணும். பதில் வர்ற வரைக்கும் யாரும் துப்பாக்கியைத் தூக்கக் கூடாது." பீரோவைத் திறந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துப் படம் போட்ட பக்கத்தைக் காட்டினார். "இங்கே பாருங்கோ. கண்ணோட உள்மூலையிலேர்ந்து வாய் வரைக்கும் ரெண்டு கறுப்புக் கோடு. சிறுத்தைக்கு இது கிடையாது. ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்தக் கோட்டை ஒரு படத்துல காட்டுங்கோ, கையெழுத்தை நிறுத்தறேன். காட்டலேன்னா அவர் சுடட்டும்."

அந்த அம்மாள் புத்தகத்தை எட்டிப் பார்த்தார். "கோடு இருந்தா ஆடு திங்காதாய்யா?"

அதிகாரி புத்தகத்தை மூடிப் பீரோவில் வைத்தார்.

பஜாரில் ஒரு போட்டோ ஸ்டுடியோ இருந்தது. அதன் முதலாளியை ஊர் முழுக்கப் பாய் என்றுதான் கூப்பிடும். மெலிந்த உடம்பு, ஐம்பது வயது, எப்போதும் பித்தான் போட்ட கோட்டு. ஸ்டுடியோவின் கண்ணாடி ஜன்னலில் கல்யாணப் படங்களுக்கு நடுவே வேட்டைப் படங்களும் இருக்கும். அந்தக் காலத்து வழக்கம் அது. சுட்ட மிருகத்தை மாட்டுவண்டியில் நேராக ஸ்டுடியோவுக்குக் கொண்டுவருவார்கள். செத்த வெளிமானின் கழுத்துக்குப் பின்னால் குச்சியை முட்டுக் கொடுத்துத் தலையை நிமிர்த்தி, சுட்டவர் பக்கத்தில் துப்பாக்கியோடு நிற்பார். மில் முதலாளியும் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எழுதியாச்சே அண்ணாச்சி," என்றார் பாய். "புது நாற்காலி ஒண்ணு அவியளே கொண்டாறாவளாம். மிருகம் தரையில, அவிய நாற்காலியில."

"அதுக்கு முந்தி அதை உயிரோட ஒரு படம் எடுக்கணும் பாய்."

"உசுரோட இருந்தா ஆடுமே. செத்தாத்தான ஆடாது."

"இது உக்காந்து மூஞ்சியையே பாக்குதாம்."

பாய் டீ தம்ளரைக் கீழே வைத்தார். "கேமராவப் பாக்குமா?"

"நம்மளப் பாத்தா கேமராவையும் பாக்கும்."

"இந்த ஊர்ல பொண்ணு மாப்பிள்ளையே கேமராவப் பாக்க மாட்டேங்காவ. ஒண்ணு தானா பாக்குதுன்னா போயிப் பாத்துர வேண்டியதுதான்."

ஸ்டுடியோவின் பின்னறையில், வடக்குப் பார்த்த ஜன்னலோரம், டச்சிங் செய்பவர் உட்கார்ந்திருப்பார். படம் எடுத்த கண்ணாடித் தகட்டைச் சாய்வு மேஜையில் பொருத்தி, கீழே இருக்கிற கண்ணாடியால் வெளிச்சத்தை அதனூடே அனுப்பி, ஊசி போலச் சீவிய பென்சிலால் முகத்தைச் சீர்செய்வது அவர் வேலை. அம்மைத் தழும்பு இல்லாத முகம் குறைவாக இருந்த காலம். அவர் பென்சில் படாமல் எந்த முகமும் அந்த ஸ்டுடியோவை விட்டு வெளியே போனதில்லை. முகத்தோடு சரி, கழுத்துக்குக் கீழே போகமாட்டார். நகையில் பென்சில் பட்டு ஒரு பவளம் குறைந்தால் பெண் வீட்டார் சண்டைக்கு வருவார்கள் என்பது அவர் அனுபவம். அன்றைக்கு நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அவர் ஒரு மாமியாரின் மூக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் புதூருக்குப் போனோம். கல்யாண குரூப் எடுக்கிற பெரிய கேமரா, முக்காலி, கறுப்புத் துணி, இரண்டு தகடுகள். பஸ் கூரையில் ஏற்ற பாய் சம்மதிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு வந்தார். புதூரிலிருந்து நடந்தோம். பருத்தி எடுத்து முடிந்த கரிசல், பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெடிப்பில் முக்காலியின் ஒரு கால் முழங்கால் ஆழத்துக்கு இறங்கியது. தூரத்தில் ஒரு வெளிமான் கூட்டம் தலை தூக்கி எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தது.

ஓடைக்கரையில், உழவுக்கு முன்னால் நிலத்துக்கு எருவாகட்டும் என்று ஆட்டுக் கிடை போட்டிருந்தார்கள். விளாரால் பின்னிய தட்டிகளை வட்டமாக நிறுத்தி உள்ளே குட்டிகளை அடைத்திருந்தார் அந்த அம்மாள். பாய் கேமராவை நிறுத்திக் கறுப்புத் துணியைப் போர்த்தியதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது என்ன பஞ்சாரமா? உள்ள கோழி எதுவும் இருக்கா?"

"உள்ள நான்தான் இருப்பேன்," என்றார் பாய்.

"அப்ப கூவுங்க, விடியுதான்னு பாப்போம்."

விடிந்து நேரமாகிவிட்டிருந்தது. ஒன்றும் வரவில்லை. வெயில் ஏறியது. பாய் அவ்வப்போது துணிக்குள் புகுந்து, எதிரே இருந்த ஒற்றைப் பனையைக் குவியத்துக்குள் கொண்டுவந்து பார்த்துவிட்டு, வியர்வையோடு வெளியே வந்தார். மத்தியானம் அந்த அம்மாள் கூழ்ப்பானையைத் திறந்து எங்கள் இருவருக்கும் கம்பங்கூழ் ஊற்றினார். ஊற்றிவிட்டு, அகப்பையில் ஒட்டிய கூழ் போகப் பானை விளிம்பில் தட்டினார்.

ஓடைக்குள்ளிருந்து கிறீச்சென்று ஒரு குருவிச் சத்தம் கேட்டது.

அது பதுங்கி வரவில்லை. நான் முதலில் கவனித்தது அதைத்தான். தெருவில் நடந்து வருகிற ஆள் மாதிரி நேராக வந்தது. இடுப்பு ஒரு பிடி அளவுக்கு ஒட்டியிருந்தது. நடக்கும்போது தோள் எலும்புகள் மாறி மாறி மேலே வந்தன. உடம்புக்குச் சம்பந்தமில்லாத சின்னத் தலை. ஆடுகள் தட்டியின் மறுபக்கம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தன.  ஓடலாம் என்று எனக்குத் தோன்றியது. ஓடினால் துரத்தும் என்றும் தோன்றியது.

"போ சனியனே, போ!" என்று அந்த அம்மாள் அகப்பையால் பானையில் ஓங்கித் தட்டினார். அது இன்னும் பக்கத்தில் வந்தது. மறுபடி தட்டினார். மறுபடி வந்தது. "பாத்தீயளா? வெரட்ட வெரட்ட வருது! இப்படி ஒரு கொழுப்பு எந்த மிருகத்துக்காவது உண்டா?"

ஒரு கல்யாணப் பந்தலின் நீளத்துக்குள் வந்ததும் பின்னங்காலை மடக்கி உட்கார்ந்தது. எங்களைப் பார்த்தது. கண்ணின் உள்மூலையிலிருந்து வாயோரம் வரைக்கும் இரண்டு கறுப்புக் கோடுகள், மை கரைந்து வழிந்தது போலத் தெளிவாக இருந்தன. நான் அவற்றை என் கண்ணால் பார்த்தேன்.

துணிக்குள்ளிருந்து பாயின் குரல் வந்தது. "அசையாதீங்க. அப்படியே. அசையாதீங்க."

"அது அசையல பாய்."

"உங்களத்தான் சொல்லுதேன் அண்ணாச்சி, குறுக்க நிக்கீய."

முதல் தகட்டில் ஆடுகள் முட்டி முக்காலி ஆடிவிட்டது. இரண்டாவது தகடு சரியாக விழுந்தது. பாய் கேமராவின் ரப்பர்ப் பந்தை அமுக்கி விட்டுவிட்டுத் துணியிலிருந்து தலையை வெளியே எடுத்து, இருபது வருடப் பழக்கத்தில், "ஆச்சு, எந்திரிக்கலாம்" என்றார். அது எழுந்து, ஒரு தடவை பானையைப் பார்த்துவிட்டு, ஓடைக்குள் இறங்கிப் போனது.

திரும்பும் பஸ்ஸிலும் கேமரா பாயின் மடியில்தான் இருந்தது. ஊர் நெருங்கும்போது சொன்னார்: "பிள்ளை, தாலிகட்டு, சாவு, எல்லாம் எடுத்திருக்கேன். இப்படி ஒருத்தரும் எனக்கு உக்காந்ததில்ல."

சனிக்கிழமை காலை எனக்கு மதுரைக்குச் செய்தி அனுப்புகிற வேலை இருந்தது. படத்தைப் பாயே தாலுகா அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வருவதாக ஏற்பாடு. நான் மத்தியானம் போனபோது அதிகாரி அனுதாபத்தோடு என்னைப் பார்த்தார்.

"சிறுத்தைதான் சார். கோடு இல்லை."

படத்தை வாங்கிப் பார்த்தேன். அந்த மிருகம்தான். அதே ஓடை, அதே பனை. முகம் மட்டும் பவுடர் போட்டு உட்காரவைத்தது போல வழவழவென்று இருந்தது. கோடு இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

"கால் நெட்டையா இருக்கே?"

"உக்காந்திருக்கே, எப்படிச் சொல்ல முடியும்? புள்ளியெல்லாம் வெயில்ல வெளுத்துக் கிடக்கு. பசியில இளைச்ச சிறுத்தையும் இப்படித்தான் இருக்கும். அனுமதி தயார். சாயங்காலம் கையெழுத்துப் போட்டு அனுப்பணும், அவர் விடிகாலையில புறப்படறார்."

சாயங்காலம் வரை நேரம் இருந்தது. ஸ்டுடியோவுக்கு நடந்தேன். நடக்க நடக்க எனக்கு என் கண்மேலேயே சந்தேகம் வந்தது. புத்தகத்தில் கோட்டைப் பார்த்துவிட்டுப் போனவன் மிருகத்தின் முகத்திலும் அதைப் பார்த்துவிட்டேனோ? விபத்தைப் பார்த்த சாட்சிகள் அப்படிச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். நேராகப் பின்னறைக்குப் போய் டச்சிங்காரரிடம் கேட்டேன்.

"முகத்துல ரெண்டு கோடு இருந்துதா?"

"இருந்துது சார்வாள். தகட்டுல கீறல் விழுந்துட்டுன்னு அடைச்சேன். கஷ்டமான வேலை. ரெண்டும் ஒண்ணுபோல இருந்துதா, ரெண்டையும் ஒண்ணுபோல அடைக்கணும்லா?"

"ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலக் கீறல் விழுமா?"

"கீறல் இல்ல, தழும்புன்னே வைங்க. அப்பவும் அடைக்கத்தான செய்யணும்?"

"உடம்பெல்லாம் புள்ளி கிடக்கே, அதை ஏன் விட்டீர்?"

"அது சேலையில பூ மாதிரி. அதுல கை வைக்கக் கூடாது சார்வாள்."

வாசலில் நின்றிருந்த பாய் தலையில் அடித்துக்கொண்டார். காலையில் அவர் படத்தை உறையோடு வாங்கிக்கொண்டு போயிருந்தார். டச்சிங்காரர் கொடுத்ததைத் திறந்து பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை. "என்னவே, புலிக்குக் கல்யாணமா பேசி முடிச்சிருக்கு? மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் போறோம்னு நெனச்சீரா?"

"முகம்னு வந்தா முகம்தான மொதலாளி," என்றார் அவர், கொஞ்சமும் கலங்காமல்.

தகட்டில் எல்லாம் தலைகீழ். கறுப்பாக இருப்பது அதில் கண்ணாடியாகத் தெளிந்து இருக்கும். அந்தத் தெளிவைப் பென்சிலால் நிரப்பிவிட்டால் வெளிச்சம் போகாது. படத்தில் அந்த இடம் வெளுத்துவிடும். நல்ல வேளையாகப் பென்சில் நிரந்தரம் இல்லை. டர்பன்டைன் தொட்ட பஞ்சால் அவர் துடைத்தார். தகட்டின் முகத்தில் இரண்டு தெளிந்த கோடுகள் திரும்பி வந்தன. உடனே இன்னொரு படம் போட்டு, ஈரம் காயுமுன் அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன்.

அதிகாரி இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகம் கடுத்தது.

"காலம்பற கோடு இல்லை. கோடு வேணும்னு சொன்னேன். சாயங்காலம் கோடு வந்துடுத்து. ஒரு சாட்சி ரெண்டு வாக்குமூலம் குடுத்தா நான் எதை சார் எடுத்துக்கறது?"

அவர் கேட்டது நியாயம். என்னிடம் யாராவது அப்படி இரண்டு படங்களைக் கொண்டுவந்தால் நானும் செய்தி போடமாட்டேன். பேனாவைத் திறந்து அனுமதிக் காகிதத்தை முன்னால் இழுத்தார். ஐந்து நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டுப் நான் ஏறி வந்த பாயின் சைக்கிளில் ஆள் அனுப்பினேன். டச்சிங்காரர் தகட்டைத் துணியில் சுற்றி, பென்சிலும் பஞ்சும் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். பின்னாலேயே பாயும்.

டச்சிங்காரர் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் மேஜையைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். அங்கே அதிகாரியின் மார்பளவுப் படம் ஒன்று சட்டம் போட்டுத் தொங்கியது. அவர் பதவி உயர்வு பெற்றபோது அலுவலகத்தார் எடுத்துக் கொடுத்தது.

"ஐயா, அந்தப் படம் நம்ம கடையில எடுத்தது. ஐயா கன்னத்துல இருக்கே, அந்தத் தழும்பு அதுல இருக்கா?"

அறையில் யாரோ இருமினார்கள். அதிகாரி எழுந்து போய்ப் படத்துக்கு நேராக நின்றார். கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இது இத்தனை நாளா இங்கே தொங்கறது. நான் கவனிக்கவே இல்லையே!"

"கவனிக்கப்படாதுங்கதுதான் ஐயா என் வேலையே."

அதற்குமேல் அவரை நம்பவைக்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் அவர் அரசாங்க உத்தியோகஸ்தர். தகட்டைத் தானே பார்க்க வேண்டும் என்றார். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பூதக்கண்ணாடியால் அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். கோடுகளைத் தாண்டிக் கீழே வந்தவர் நின்றுவிட்டார்.

"கழுத்துல இது என்ன? சுத்திவர ஒரு பட்டை. இதுவும் உம்ம கைவேலையா?"

"கழுத்த நான் தொடமாட்டேன் ஐயா," என்றார் டச்சிங்காரர்.

நாங்கள் எல்லோரும் பார்த்தோம். கழுத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு ரோமம் தேய்ந்து, நிறம் மாறிய ஒரு வளையம். கன்றுக்குட்டியின் கழுத்திலிருந்து பழைய கயிற்றை அவிழ்த்தால் இருக்குமே, அதேபோல.

 அதிகாரி புத்தகத்தை எடுத்து, படம் இருந்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். சமஸ்தானங்களில் வேட்டைக்குப் பழக்கிய சிவிங்கிகளைப் பற்றி அதில் இருந்தது. வாய்க்குள்ளேயே தமிழாக்கிச் சொல்லிக்கொண்டு வந்தார்: இங்கே கிடைப்பது குறைந்ததும் கடல் தாண்டி வாங்கிவந்த மிருகங்கள், கழுத்தில் தோல்பட்டை, கண்ணுக்கு மூடி, கட்டிலில் படுக்கை, மானை அடித்ததும் பிடியை விடவைக்க மரக் கரண்டியில் இரை.

"கரண்டியா?" என்றேன்.

கூழ்ப்பானையையும் அகப்பையையும் பற்றிச் சொன்னேன். அந்த அம்மாள் விரட்டுவதாக நினைத்துத் தட்டியதையெல்லாம் அது சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதாக எடுத்துக்கொண்டிருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிற மாப்பிள்ளை என்று அவர் திட்டியது வசவாக இருக்கவில்லை, சரியான செய்தியாக இருந்திருக்கிறது. கூப்பிட்டும் ஒன்றும் கிடைக்காத நாளில் பக்கத்தில் நின்ற குட்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது.

அதிகாரி அனுமதிக் காகிதத்தை நான்காக மடித்து மேஜை இழுப்பறையில் போட்டார். "யாரோ வளர்த்தது. அப்போ இது காட்டு மிருகம் இல்லை, ஒருத்தரோட உடைமை. சொந்தக்காரன் இருக்கற மிருகத்தைச் சுட நான் உத்தரவு போட முடியாது."

அது பிழைத்தது. என் செய்தி செத்தது. இல்லை என்று சொல்லப்பட்டது கரிசலில் இருக்கிறது என்று நான் மனதுக்குள் தலைப்புப் போட்டு வைத்திருந்தேன். இல்லாதது இல்லாததாகவே இருந்தது. எங்கேயோ கடல் தாண்டிக் கொண்டுவந்து, ஏதோ ஓர் அரண்மனையிலோ கூடாரத்திலோ வைத்திருந்து, சோறு போட முடியாத நாளில் ராத்திரியோடு ராத்திரியாக அவிழ்த்துவிட்ட ஒன்று இது. யார் அவிழ்த்துவிட்டார்கள்? புதூர், கயத்தாறு, கடம்பூர் எல்லா இடத்திலும் தண்டோரா போட்டார்கள். ஒருவரும் வரவில்லை. வந்தால் ஆட்டுக் கணக்கையும் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

விஷயத்தைச் சொன்னபோது அந்த அம்மாள் என்னைத்தான் பிடித்துக்கொண்டார். "நல்லாருக்கு அண்ணாச்சி உங்க ஞாயம்! எசமான் இருந்தா சுடமாட்டாவளோ? எங் குட்டிக்கு எசமான் நான் இல்லையா? அதுக மூஞ்சிலயும் ரெண்டு கோடு இழுத்து விடுதேன், அதுக்குப் பெறவாவது தப்புதான்னு பாப்போம்."

ஆனால் கடைசியில் அதைப் பிடித்தவர் அவர்தான். திருநெல்வேலியில் முகாம் போட்டிருந்த ஒரு சர்க்கஸிலிருந்து கூண்டு வண்டியை இரவல் வாங்கி அனுப்பினார் அதிகாரி. குட்டிகளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, காலியான கிடைத் தட்டிகளைக் கூண்டு வாசல்வரை இரண்டு வரிசையாக நிறுத்தினார்கள். அந்த அம்மாள் கூண்டுக்குப் பின்னால் நின்று அகப்பையால் பானையில் தட்டினார். குருவிச் சத்தம் கேட்டது. தட்டிகளுக்கு நடுவே நேராக நடந்துவந்து, கூண்டுக்குள் ஏறி, வைத்திருந்த கறியைத் தின்றது. சர்க்கஸ்காரர் பல்லைப் பார்த்து, வயதான மிருகம் என்றார். தங்களுடையது இல்லை என்றும் கேட்காமலே சொன்னார். பிறகு வடக்கே ஒரு மிருகக்காட்சிசாலைக்குப் போயிற்று. இரண்டு வருடம் இருந்தது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

படம் எங்கள் பத்திரிகையில் வந்தது. அச்சுக்குப் பிளாக் எடுத்ததில் அச்சின் புள்ளிகளும் மிருகத்தின் புள்ளிகளும் ஒன்றாகக் கலந்து, கீழே எழுத்து இல்லாவிட்டால் அதைச் சாக்குமூட்டை என்று சொல்லலாம். ஊர்க்காரர்கள் ஸ்டுடியோ ஜன்னலுக்கு வந்துதான் பார்த்தார்கள். பாய் சனிக்கிழமை ராத்திரியே பெரிதாகப் போட்டு நடுவில் வைத்திருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை மில் முதலாளியின் நாற்காலி மட்டும் சொன்னபடி வந்து சேர்ந்தது. கொண்டுவந்ததை வீணாக்காமல் அதில் உட்கார்ந்து தனியாக ஒரு படம் எடுத்துக்கொண்டார். போகும்போது ஜன்னல் முன்னால் வெகுநேரம் நின்று அந்தக் கோடுகளைப் பார்த்தார் என்று பாய் சொன்னார்.

அதற்குப் பிறகு பாய் செத்த மிருகத்தைப் படம் எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டார். "உசுரோட எங்க நிக்குன்னு சொல்லுங்க, நான் வாரேன். இங்கன தூக்கிட்டு வராதீய." ஜனங்கள் உண்மையிலேயே சொல்ல ஆரம்பித்தார்கள். ஓடையில் நரி குட்டி போட்டிருக்கிறது, கயத்தாற்று மேட்டில் வெளிமான் ஜோடி நிற்கிறது என்று பஸ்ஸில் வருகிறவர்கள் ஸ்டுடியோவில் தகவல் சொல்லிவிட்டுப் போவார்கள். பாதி வதந்தி. மீதியை நாங்கள் போய்ப் பார்த்தோம். ஜன்னலில் கல்யாணங்கள் ஓரத்துக்குப் போய், வெளிமான்களும் நரியும் ஒரு கௌதாரிக் குடும்பமும் நடுவே வந்தன. அதனால் துப்பாக்கிச் சத்தம் நின்றுவிட்டது என்று எழுதமாட்டேன். ஒன்று மட்டும் நிச்சயம்: சுட்டவர்கள் படம் எடுத்துக்கொள்ளத் திருநெல்வேலி போக வேண்டியிருந்தது. அவ்வளவு தூரம் செத்த மானைத் தூக்கிப் போகச் சிலர் சோம்பல்பட்டார்கள்.

டச்சிங்காரருக்கு அந்த ஜன்னலில் பெருமையும் இருந்தது, உறுத்தலும் இருந்தது. "ஒரு முகத்தையும் தொட விட மாட்டேங்காவ சார்வாள்," என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். "அந்த நரிக்கு மூக்குல ஒரு வடு. சும்மா ஒரு நிமிச வேலை."

சில வருடங்கள் கழித்து ஒரு நாள் பாய் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். முந்தின நாள் ஒரு வெளியூர்க்காரர் வந்திருக்கிறார். வயதானவர், தலைப்பாகை. பஸ் மாறுகிற நேரத்தில் பஜாரில் நடந்தவர் ஜன்னல் முன்னால் நின்றுவிட்டார். சிவிங்கிப் படத்தைப் பார்த்தபடி, விரல் முட்டியால் கண்ணாடியில் தட்டினார். "ரெண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு தட்டு," என்று பாய் மேஜையில் தட்டிக் காட்டினார். "நான் எந்திரிச்சு வாறதுக்குள்ள பஸ் ஏறிட்டாரு அண்ணாச்சி. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அதை வளர்த்தவர் அப்படித் தட்டித்தான் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருப்பாரோ என்று தோன்றியது. மறுநாளே புதூருக்குப் போனேன். அந்த அம்மாள் வேறு ஒரு நிலத்தில் கிடை போட்டிருந்தார். பானையில் அகப்பையை எப்படித் தட்டுவார், எத்தனை தடவை, நடுவில் நிறுத்துவாரா என்று கேட்டேன். அவர் கூழ்ப்பானையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"கூழு சொட்டுறது நிக்க வரைக்கும் தட்டுவேன். அதுக்கு என்ன கணக்கு அண்ணாச்சி? இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீய? உக்காருங்க, ஊத்துதேன்."

ஊற்றினார். அகப்பையை விளிம்பில் தட்டினார். நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இரண்டு, நிறுத்தி ஒன்று என்ற கணக்கு எதுவும் இல்லை. சும்மா தட்டினார்.